ஆட்டாமலே நகர்ந்த துளிகள்

ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள். அதற்கு ஒரு வாரம் முன்பே கிரீட் தீவின் ஹெராக்லியோன் நகரில் பாதிப் பேர் மலையூர்களுக்குப் போய்விடுவார்கள். குன்றின் மேலிருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த வாரம் எவாந்தியா மட்டும்தான் இருந்தாள். வயது நாற்பத்தைந்து. அம்மா இறந்தபின் கிராமத்து வீடு தம்பி வசமாகிவிட்டது. அவன் கூப்பிடாமலில்லை. கூப்பிடும்போது குரலில் இருந்த அவசரம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

தரை துடைக்க வந்த அர்கிரோ கதவில் சாய்ந்து நின்றாள்.

"ஏம்மா, திருநாளும் அதுவுமா இங்க என்ன பண்றே? மயோனைஸைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கியே, அது ஓடியா போயிடும்?"

"ஓடுதா இல்லையான்னுதான் அக்கா பாக்கிறேன்."

"நல்லாப் பாத்தே போ. இதுக்கு ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு சம்பளம்."

அர்கிரோ சொன்னது பெரிய தவறில்லை. எவாந்தியாவின் வேலை மயோனைஸ் போன்ற ஒரு குழம்போடுதான். நீருக்குள் எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு அடைந்திருக்கும். அதை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, கீழ்த்தகட்டை மோட்டாரால் இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டுவாள். தகடு போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு படம். துளி பழைய இடத்துக்கே வந்துவிட்டதா, அண்டைத் துளியைத் தாண்டி வேறெங்காவது நழுவிவிட்டதா என்று படத்துக்குப் படம் ஒப்பிடுவாள்.

ஏழு வருடத்துக்கு முன் அவளும் அப்போது இதே கூடத்தில் வேலை பார்த்த மனூசொஸும் சேர்ந்து எழுதிய கட்டுரை இதைப் பற்றித்தான். எவ்வளவு மெதுவாக ஆட்டினாலும் ஆயிரத்தில் இரண்டு மூன்று துளிகள் திரும்பி வருவதில்லை என்று அவர்கள் கண்டார்கள். அப்படி இருக்காது என்றுதான் அதுவரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். கட்டுரை பேசப்பட்டது. மனூசொஸுக்கு வடக்கே தெசலோனிகியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. மைக்ரோஸ்கோப்போடு எவாந்தியா இங்கேயே இருந்துகொண்டாள்.

அந்த வாரம் ஏசி பழுதாகிவிட்டது. சரிசெய்ய வேண்டியவனும் ஊருக்குப் போயிருந்தான். வெக்கையில் குழம்பு காய்ந்துவிடுமே என்று, தகடுகளின் விளிம்பைச் சுற்றி மெல்லிய எண்ணெயால் ஒரு வளையம் போட்டு மூடினாள். பிறகு வழக்கம்போல் மூன்று மணி நேரம் ஆட்டினாள்.

எல்லாத் துளிகளும் திரும்பி வந்தன. ஒன்றுகூட நழுவவில்லை.

கணினியில்தான் கோளாறு என்று நினைத்தாள். மறுநாளும் அதே முடிவு. மூன்றாம் நாள் விளிம்பைத் திறந்து போட்டாள். ஆனால் மோட்டாரைப் போடவே இல்லை. மூன்று மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு ஒரு துளி அசைந்தது. அப்புறம் இன்னொன்று. ஆட்டாமலே நகர்ந்தன. விளிம்பில் நீர் ஆவியாகப் போக, அதை ஈடுசெய்ய உள்ளிருந்து நீர் மெல்ல ஊறி வந்து துளிகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஏழு வருடமாக அவர்கள் கண்டுபிடிப்பு என்று சொல்லிவந்தது வெறும் ஈரம் காய்வதைத்தான்.

 அன்று அதைச் சொல்லக் கூடத்தில் ஆளில்லை. பதினாறாம் தேதி காலை மனூசொஸைக் கூப்பிட்டாள். திருநாளுக்குத் தீவுக்கு வந்து அவன் தன் மலையூரில் இருந்தான். பின்னால் யாரோ லிரா என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"எவாந்தியா! உயிரோடதான் இருக்கியா? இங்க ஆடு சுட்டுக்கிட்டிருக்கோம், பஸ் பிடிச்சு வந்துடு."

"மனூஸ், கொஞ்சம் தள்ளி வந்து பேசு."

"என்னடி, குரலே சரியில்ல?"

"நம்ம கட்டுரை தப்பு."

"வெயில்ல மூளை வத்திப்போச்சா உனக்கு?"

"வத்தினது தண்ணி, தகட்டு ஓரத்துல. மோட்டாரே போடாம பாத்தேன்டா. அப்பவும் நகருது. ஓரத்தை மூடினா எதுவும் நகரல."

லிரா சத்தம் தள்ளிப் போனது. அவன் புத்திசாலி. அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அன்னைக்கும் மோட்டார் போடாம பாத்தோமே," என்றான் மெதுவாக.

"பத்து நிமிஷம் பாத்தோம். இது நகர ஆரம்பிக்கவே முக்கால் மணி ஆகுது."

"பத்து நிமிஷம் போதும்னு சொன்னது யாரு?"

அவனே தொடர்ந்தான்.

"நான் ஒரு மணி நேரம் விடலாம்னேன். ஏதென்ஸ் கப்பலைப் பிடிக்கணும்னு நீதான் குதிச்சே."

"ஆமா. நான்தான்."

"சரி விடு. எழுதுவோம். ஆனா இப்ப வேணாம். நவம்பர்ல துறைத்தலைவர் தேர்வு இருக்கு. ஏழு வருஷமா ஒருத்தர்கூடக் கேக்கல. இன்னும் மூணு மாசத்துல என்ன குடியா முழுகிடும்?"

"ஒருத்தி கேட்டாளே," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே முழுதாக நினைவு வந்தது.

"எவ?"

"போலந்துப் பொண்ணு. யகோதா."

"யாருன்னே ஞாபகமில்ல. இங்க ஆடு கருகுது, அப்புறம் பேசலாம்," என்று வைத்துவிட்டான். அப்புறம் அவன் பேசவில்லை.

மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த மின்னஞ்சலை எவாந்தியா தேடி எடுத்தாள். முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் பணிவாகக் கேட்டிருந்தாள்: காயாமல் ஓரத்தை மூடி எட்டு மாதமாகச் செய்கிறேன், உங்களுக்கு வந்தது எனக்கு வரவில்லை, எங்கே தவறுகிறேன்? தகடுகள் இணையாக இருக்காது, கை பழக வேண்டும் என்று மனூசொஸ் எழுதியிருந்தான். அதன் கீழே எவாந்தியாவும் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "அனுபவம் வந்தால் சரியாகிவிடும்."

அந்த வரியைப் பலமுறை படித்தாள். எழுதியபோது காபி குடித்துக்கொண்டே எழுதியிருப்பாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதே வருடம் யகோதா படிப்பை விட்டுவிட்டாள் என்பதும், இப்போது ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள் என்பதும் தேடியபோது தெரிந்தது. எவாந்தியா அவளுக்கு எழுதினாள். நீங்கள் செய்தது சரி, நாங்கள் செய்தது தவறு, உங்களுக்கு அன்று எழுதிய வரிக்காக வெட்கப்படுகிறேன். கட்டுரைக்கு எழுதப்போகும் திருத்தத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கட்டுமா?

பதினோரு நாள் கழித்துப் பதில் வந்தது. "கை சரியில்லை என்றுதான் இவ்வளவு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். என் பெயர் வேண்டாம். நன்றி." அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் இல்லை, மன்னிக்கவில்லை என்றும் இல்லை.

அந்தப் பத்து நிமிட முடிவு தன்னுடையது என்று பெயர் போட்டு, எவாந்தியா திருத்தத்தை எழுதி மனூசொஸுக்கு அனுப்பினாள்.  ஒரு மாதம் கழித்து ஒரே வரி: "என் பெயரும் இருக்கட்டும்." அக்டோபரில் அது வெளிவந்தது. நவம்பர் தேர்வில் வேறொருவர் தலைவரானார். திருத்தம்தான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருடாவருடம் மனூசொஸிடமிருந்து அழைப்பு வரும். அந்த வருடம் வரவில்லை.

கூடத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

குளிர்காலம் முழுவதும், விளிம்பை மூடி, முதலிலிருந்து அளந்தாள். ஒவ்வொரு நாளும் ஆட்டத்தை இம்மி இம்மியாகக் கூட்டினாள். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், குறிப்பிட்ட ஓர் அளவைத் தாண்டியதும் துளிகள் கூட்டம் கூட்டமாக இடம் மாறின. அதற்குக் கீழே எல்லாம் திரும்பின, மேலே திரும்பவில்லை. மூன்று புதுக் குழம்புகளில் செய்து பார்த்தாள். அதே அளவு. இந்த முறை சந்தேகமே இல்லை.

"மனூஸ், இங்க வந்து பாரேன்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டாள்.

பக்கத்து நாற்காலியில் அவளுடைய கோட்டு கிடந்தது. சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அளவை நோட்டில் எழுதி, அடியில் தேதி போட்டு, தகடுகளைக் கழுவித் துடைத்து வைத்தாள். நான்கு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கோட்டை எடுத்துக்கொண்டு நடந்தே இறங்கினாள்.