நீல வீட்டுக்காரி ஓடிப்போன கதை

கடற்கரையோரம் வரிசையாக நிற்கும் பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டுவதுதான் அவள் பிழைப்பு. கைடம்மா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. எந்த வீட்டை யார் கட்டினார், யார் விற்றார், எந்த அண்ணன் தம்பி நடுச்சுவருக்காக அடித்துக்கொண்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெரியாத இடத்தில் கொஞ்சம் உப்பு காரம் சேர்ப்பாள். யாருக்கு என்ன நஷ்டம்?

நீல வீட்டைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வீட்டுக்காரி ஒருநாள் காலையில் கடலில் குளிக்கப் போனாள், திரும்பவில்லை. வீட்டுக்காரர் பூட்டிக்கொண்டு போய்விட்டார். இதைச் சொன்னால் வந்தவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். அதனால் கதைக்குள் ஒரு படகுக்காரனைக் கொண்டுவந்தாள் கைடம்மா. கூட்டம் நின்று கேட்க ஆரம்பித்தது.

"கடல்ல போயிட்டாங்கன்னு ஊரே நம்பிச்சு. அம்மணி படகுக்காரனோட கம்பி நீட்டிட்டாங்க!" என்று அன்றைக்கும் கண்ணடித்தாள். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள்.

தலை நரைத்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்கள் போட்டோ எடுக்கப் போனதும் கிட்டே வந்து கைடம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது எங்க அம்மாங்க. அப்போ நான் சின்னப் பொண்ணு. உடம்பு கிடைக்கவே இல்ல. கடல் கொண்டுபோயிடுச்சுன்னுதான் அப்பா சாகுறவரைக்கும் சொன்னார்." அவள் முகமெல்லாம் பூரித்துக் கிடந்தது. "அப்போ அம்மா சாகலையா? உங்களுக்கு யாரு சொன்னது? எந்தப் பக்கம் போனாங்க?"

கைடம்மா கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். ஐயோ, இவள் நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா! கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஏதாவது ஊர்ப் பெயரைச் சொல்லித் தப்பித்துவிடலாமா என்றுகூட வாய் துறுதுறுத்தது. சொன்னால் இந்த மனுஷி மிச்ச காலமெல்லாம் தேடி அலைவாள். சொல்லாவிட்டாலோ, செத்த தாயை இன்னொரு தரம் சாகடிக்க வேண்டும். அந்தப் பாவமும் தன் தலையில்தான்.

"யாரும் சொல்லலம்மா," என்றாள் கைடம்மா. "ஜனங்க சிரிக்கணும்னு நானே கட்டிவிட்டது. உங்க அம்மா பேரைக் கெடுத்து வயிறு வளர்த்திருக்கேன். என்னை மன்னிச்சிடுங்க."

பிடித்திருந்த கை தளர்ந்தது. அந்தப் பெண் நீல வீட்டின் பக்கம் திரும்பினாள்.

"பொய்யாவே இருக்கட்டும்," என்றாள். "படகுல ஏறும்போது திரும்பிப் பார்த்தாங்களா? நான் ஜன்னல்லதான் நின்னுட்டிருந்தேன்."

இத்தனை வருஷம் சொன்ன கதையில் கைடம்மா ஒரு குழந்தையை வைத்ததே இல்லை.