கசில்தா பாடியபோது திறந்த தெரு

கசில்தா தேர்வு மன்றத்தின் முன் வாயைத் திறந்ததும் மாட்ரிட் நகரில் ஒரு தெரு கூடியது. வாயை மூடியதும் அது குறைந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் இப்படி ஏழு முறை நடந்தது. நகரசபையின் வரைபடத்தில் அந்தத் தெரு கிடையாது. ஒரு மருந்துக் கடைக்கும் கையுறைக் கடைக்கும் நடுவே, மற்ற நாட்களில் ஒரு கடிதத்தைக்கூடச் செருக முடியாத இடத்தில், இரண்டு பேர் தோளோடு தோள் போகிற அகலத்துக்கு அது திறக்கும். கையுறைக் கடைக்காரருக்கு விஷயம் தெரியும். வெளியே சொன்னால் வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் தன் வாசலை அடைத்துவிடும் என்று அவர் மூச்சு விடவில்லை. கசில்தாவின் கணவன் ஃபெர்மினுக்கும் தெரியும், அதற்குள் போய்ப் பகல் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தவனே அவன்தான்.

தேர்வு, சொத்துப் பதிவாளர் வேலைக்கானது. முந்நூற்றுச் சொச்சம் தலைப்புகளை மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டும். ஒரு துணிப்பைக்குள் கையை விட்டு எண் போட்ட ஐந்து உருண்டைகளை எடுக்க வேண்டும். வந்த எண்களுக்குரிய ஐந்து தலைப்புகளையும் ஒரே மணி நேரத்துக்குள், எதிரே ஏழு பேர் உட்கார்ந்திருக்க, ஒரு பிரிவும் விடாமல் சொல்லி முடிக்க வேண்டும். சொல்வது என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள், பாடுவது என்றுதான் பேச்சு. ஒரு நிமிடம் முழுதாக வாயடைத்து நின்றால் மன்றத் தலைவர் மணியை அடிப்பார், எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம் என்றாலும், பாடுகிறவரின் சொந்தக்காரர் மட்டும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார். ராசியில்லை என்பார்கள். புருஷனோ தாயோ காதலியோ, கொண்டுவந்து விட்டுவிட்டு, அவர் மேல்கோட்டை வாங்கிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, எங்கேயாவது போய்த் தொலைந்திருக்க வேண்டும். அதுதான் மரியாதை.

ஃபெர்மினுக்கு முதல் முறை இந்த வழக்கம் தெரியாது. சோரியா என்ற ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவன், சட்டத்துக்கும் அவனுக்கும் வெகுதூரம். கல்யாணத்தில் உட்காருவது போலப் பின்வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான், கசில்தா நிமிர்ந்து பார்த்தபோது கையைக்கூட ஆட்டினான். மூன்றாவது தலைப்பில் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மணி அடித்தார்கள்.

"இனிமே நீ உள்ள வந்தே, அங்கயே விவாகரத்துதான்," என்றாள் கசில்தா, படியில் இறங்கியபடி. "நீ என்னைப் பாக்கறத நான் பாத்தா எனக்கு ஒண்ணுமே வரமாட்டேங்குது."

"நான் சும்மாதானே உக்காந்திருந்தேன்."

"சும்மா உக்காராதே. போய் ஊரைச் சுத்திப் பாரு. மாட்ரிட்டுல பாக்கறதுக்கா ஒண்ணுமில்லை?"

அப்படித்தான் அவன் இரண்டாம் முறை ஊரைச் சுற்றப் போனான். கையுறைக் கடை வரைக்கும்தான் போனான்.

தெருவில் பேசும் மரம் எதுவும் இல்லை, பறக்கும் ஆட்களும் இல்லை. நினோ என்பவரின் மதுக்கடை ஒன்று, ஒரு முடிதிருத்தும் கடை, கணவாய் மீன் வறுக்கிற ஒரு சட்டி, சீட்டாட நாலு மேசை, கதவுக்குக் கதவு நின்று வம்பு பேசுகிற முப்பது குடித்தனம், அவ்வளவுதான். கூரைகளுக்கு மேலே கசில்தாவின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு வானொலியைப் போல அது பாட்டுக்கு அடமானம், வாரிசுரிமை, பொதுக் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமை என்று போகும். அவள் ஒரு மணி நேரத்தில் கொட்டுவதைச் சாதாரண மனிதன் சொன்னால் ஒரு பகல் பிடிக்கும் என்பதால், தெருவில் ஒரு பகல் முழுதாக நடந்தது. முதல் தலைப்பில் காலைக் காப்பி, மூன்றாவதில் சாப்பாடு, நான்காவதில் குட்டித் தூக்கம். அவள் வாய் மூடியதும் பின்கழுத்தைப் பிடித்து யாரோ தள்ளியது போல ஃபெர்மின் நடைபாதையில் வந்து நின்றான், சில சமயம் கையில் முள்கரண்டியோடு. மணி பன்னிரண்டுதான் ஆகியிருக்கும். ஊருக்குப் போகும் பேருந்தில் கசில்தா அழுது முடித்துவிட்டு அவனை உற்றுப் பார்ப்பாள். "காலையில உனக்கு இன்னும் கொஞ்சம் முடி இருந்த மாதிரி இருந்துச்சே," என்பாள். காற்றில் அழுந்தியிருக்கும் என்பான் அவன். வேறொன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அவனுக்கே தெரியாது, நன்றாக இருந்தது என்பதைத் தவிர.

ஏனென்றால் சோரியாவில் அவர்கள் வீட்டில் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சத்தம் கிடையாது. கசில்தா காலை எட்டிலிருந்து இரவுச் சாப்பாடு வரை கதவைச் சாத்திக்கொண்டு பாடினாள். வானொலி அவள் அத்தை வீட்டுக்குப் போயிற்று. ஃபெர்மின் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டான், வீட்டுக்குள் காலுறையோடு நடந்தான், விருந்தாளி வந்தால் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினான். கிசுகிசுத்துப் பழகி அந்தப் பழக்கம் கடைக்கும் வந்துவிட்டது. அரை அங்குலத் திருகாணி இருக்கிறது என்பதை அவன் சொல்லும் விதத்தைப் பார்த்து, வாங்க வந்தவர்கள் திருட்டுச் சாமானோ என்று பின்வாங்கினார்கள். ஊரில் அவனுக்குப் பெயரே போய்விட்டது, தேர்வு எழுதுகிறவளின் புருஷன் என்றால்தான் தெரியும். அந்தத் தெருவில் மட்டும் அவன் ஃபெர்மின். மூஸ் சீட்டாட்டத்தில் கூட்டாளிக்குக் கண்ணடித்து உதட்டைக் கடித்துச் சைகை காட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மேசையில் ஓங்கி அடிப்பான், தொண்டை கிழியப் பாடுவான், கெட்ட வார்த்தை பேசுவான். ஆறாம் முறை போனபோது அவனையே அடுத்த திருவிழாவுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். திருவிழா, காத்திருப்போருக்கான புனிதருக்கு. பெயர் யாருக்கும் நினைவில்லை. தலைவருக்குச் சிவப்புப் பட்டுப் பட்டை, கொடி, வாண வேடிக்கையைக் கொளுத்தும் உரிமை எல்லாம் உண்டு.

அன்று ஊர் திரும்பும் வழியில்தான் ஃபெர்மின் தன் மனதில் இருந்ததைக் கண்டுபிடித்தான். பக்கத்தில் கசில்தா ஜன்னலில் தலை சாய்த்து அழுதுகொண்டிருந்தாள், அவனுக்கோ மகிழ்ச்சியாக இருந்தது. அடுத்த முறையும் வரலாம். அவள் தேறிவிட்டால் தெரு போயிற்று. தன்மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது. கைக்குட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தான்.

ஏழாம் முறை பட்டையைக் குறுக்கே கட்டிக்கொண்டு, தலையெல்லாம் வண்ணக் காகிதத் துணுக்கு விழ, கொடியோடு அவன் நடுத்தெருவில் நின்றபோது, கூரைக்கு மேல் ஓடிய குரலைக் கேட்டுத் தெருவே வேலையை நிறுத்தியது. அவள் அதுவரை அப்படிப் பாடியதில்லை. முதல் தலைப்பில் ஒரு தேதிகூடப் பிசகவில்லை, இரண்டாவது வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போயிற்று, மூன்றாவதைத் தொடங்கியபோது முடிதிருத்துபவர் தொப்பியைக் கழற்றினார். நினோ அவன் கையில் ஒரு கோப்பை வெர்முத் மதுவைக் கொடுத்தார். கல்யாண வீட்டுச் செய்தியைத் துக்கச் செய்தி போலச் சொல்லத் தெரிந்தவர் அவர்.

"இன்னைக்குத் தேறிடுவாங்க உங்க வீட்டம்மா."

"தெரியுது."

"ஊர்வலம் அஞ்சாவது தலைப்புலதான். அதுக்குள்ள எதாவது ஆனா அடுத்த தடவைக்குத் தள்ளி வெச்சுக்கலாம். நாங்க எங்கயும் போகப்போறதில்லை."

"எதாவதுன்னா?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. பின்வரிசைல எப்பவும் இடம் காலியாத்தான் இருக்கும்."

ஃபெர்மின் யோசித்தான் என்று எழுத ஆசைதான், ஆனால் அவன் யோசிக்கவில்லை. கொடியை நினோவின் கையில் திணித்துவிட்டுத் தெருவை விட்டு வெளியே வந்து, சாலையைக் கடந்து, படியேறி, கதவைத் தள்ளி, பின்வரிசையில் போய் உட்கார்ந்தான். பட்டையைக் கழற்ற மறந்திருந்தான். கசில்தா நான்காம் தலைப்பில் இருந்தாள். நிமிர்ந்தாள். சிவப்புப் பட்டையும், தலையில் காகிதத் துணுக்கும், கணவாய் வறுத்த எண்ணெய் வாடையுமாக, கணவன். வாய் நின்றது.

மன்றத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து வினாடி போயிற்று, இருபது போயிற்று. மேசை விளிம்பைப் பிடித்திருந்த கசில்தாவின் விரல்கள் வெளுப்பதை ஃபெர்மின் பார்த்தான். இருபத்தாறு வயதில் தொடங்கியவளுக்கு இப்போது முப்பத்தெட்டு, காதோரம் நரைத்திருந்தது, அது எப்போது நரைத்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் கோபமாகப் பார்க்கவில்லை. உதவிக்கு வந்திருக்கிறான் என்று நம்பி, என்ன உதவி என்று தெரியாமல், அவன் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள். அவனுக்கு வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. நாற்பதாவது வினாடியில் எழுந்து நடந்தான். புதுச் செருப்பு கிறீச்சிட்டது, வழியெல்லாம் காகிதத் துணுக்கு உதிர்ந்தது. கதவை வெளிப்பக்கமிருந்து சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றான். ஐம்பத்தெட்டாவது வினாடியில் உள்ளே கசில்தா விட்ட பிரிவைப் பிடித்து, "மூன்றாவதாக," என்றாள்.

சாலைக்கு அந்தப் பக்கம் சுவர் மறுபடி விலகியது. ஊர்வலத்துக்கு வரிசை கட்டிவிட்டார்கள், கொடி தெரிந்தது, நினோ கையை ஆட்டிக் கூப்பிட்டது தெரிந்தது. கடைசிப் பதினெட்டு நிமிடம், தெருக் கணக்கில் ஒரு மாலைப்பொழுது. ஃபெர்மின் போகவில்லை. கதவில் காதை வைத்து, பன்னிரண்டு ஆண்டுகளாக ஓசையாக மட்டும் கேட்டிருந்த குரலை வார்த்தை வார்த்தையாகக் கேட்டான். அவள் முடித்தபோது எதிரே வாணம் ஒன்று பாதி உயரத்தில் அணைந்து, சுவர் மூடிக்கொண்டது.

கசில்தா தேறினாள். நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்து மூன்றாவது, ஆனாலும் பதிவாளர் பதிவாளர்தான். அன்று பேருந்தில் அழுதது ஃபெர்மின். தெரு, சீட்டு, நினோ, பின்வரிசைக்கு எதற்காக வந்தான் என்பது வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். நான்காம் நாள் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தத் தெருவை உண்டாக்கினது யாரு?"

"நீதான்."

"அதுல கணவாய் தின்னது யாரு?"

"நான்."

"நான் ஒரு எட்டு எட்டிக்கூடப் பாத்ததில்லை. இனி நீ பாடற. நான் உன் கோட்டைப் புடிச்சிட்டு வரேன்."

சட்டப் பட்டம் இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. ஃபெர்மின் அஞ்சல் வழியில் ஏழு ஆண்டு படித்து, அடித்துப் பிடித்து ஒன்றை வாங்கினான். அதற்குள் அவர்கள் கசில்தாவுக்குக் கிடைத்த தெற்குக் கடற்கரை ஊருக்குக் குடிபோயிருந்தார்கள், வீட்டில் இரண்டு வானொலிகள் இருந்தன. அவன் முதல் முறை பைக்குள் கைவிட்டு ஐந்து உருண்டைகளை எடுத்தபோது ஐந்தில் ஒன்றுகூடத் தெரிந்த தலைப்பில்லை. ஆனால் நிறுத்தினால் கசில்தா தெருவிலிருந்து வெளியே வந்து விழுவாள். அடமானத்தைப் பற்றி மூன்று வாக்கியம் சொன்னான், அடமானம் வைத்த வீட்டின் கதவுக்கு வந்தான், கதவிலிருந்து கீலுக்கு வந்தான். அதன்பிறகு பயமில்லை. கீலில் எத்தனை வகை, எதற்கு எந்த எண்ணெய், சத்தமே கேட்காமல் ஒரு கதவைத் திறப்பது எப்படி, அதைப் பன்னிரண்டு ஆண்டு திறந்தவன் என்ன ஆவான், கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தனியாக எப்படி நரைத்தாள் என்று ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பாடினான். மணி அடிக்க ஒரு நிமிட மௌனம் வேண்டும், அவன் அதைக் கொடுக்கவே இல்லை. கசில்தா தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, நினோவிடம் சீட்டில் தோற்று, குரல் கட்டிப்போய்த் திரும்பி வந்தாள்.

இதுவரை ஐந்து முறை போய் வந்துவிட்டார்கள். மன்றம் ஐந்து முறையும் ஃபெர்மினுக்குச் சுழியம் போட்டது. கடைசி முறை அவன் எழுந்து வணங்கியபோது, தலைவர் பேனாவை மூடிவிட்டு, அடுத்த தேர்வு வசந்தத்திலா இலையுதிர் காலத்திலா, எது அவன் மனைவிக்கு வசதி என்று கேட்டு எழுதிக்கொண்டார்.