எலும்புல ஒண்ணுமில்ல

காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் முக்காலி சரிந்து சந்தனம்மாள் விழுந்தது எழுபத்தெட்டாம் வருசம் மாசி மாதத்தில். வலது முழங்கால் திருகிக்கொண்டது. வீக்கம் வடிந்தும் வலி போகவில்லை. உட்கார்ந்து எழுந்தால் உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டு காலை நீட்ட வராது. கம்பத்து டாக்டர், தேனியில் எக்ஸ்ரே எடுத்துவரச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முதல் தடவை போன அன்று தேனியில் கரண்ட் இல்லை. சாயங்காலம் நாலு மணிவரை பெஞ்சில் காத்திருந்துவிட்டுத் திரும்பினாள். அடுத்த வாரம் புருசன் அழகுமலையும் கூட வந்தான். படம் எடுக்கிற வைகுண்டராஜ், ஈரம் சொட்டும் பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு எரிந்து விழுந்தார்.

“என்னம்மா இது, மூட்டு மேல வெள்ளையா விழுந்திருக்கு? முழங்கால்ல என்ன கட்டியிருக்கே?”

கறுப்புக் கயிற்றில் செப்புத் தாயத்து.

“இரும்பு, செம்பு எதுவும் இருக்கக் கூடாதும்மா.”

“அத முன்னாடியே சொல்லியிருந்தா அவுத்து வச்சிருப்பேன்ல? எனக்கென்ன தெரியும்?”

தாயத்தை அவிழ்த்துவிட்டு மறுபடி எடுத்தார். மடக்கிய காலை ஆட்டாமல் வைத்திருக்கச் சொன்னார். கண்ணில் நீர் முட்ட வைத்திருந்தாள்.

கம்பத்து டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, “எலும்புல ஒண்ணுமில்ல, மாத்திர சாப்பிடட்டும்” என்று அழகுமலையிடம்தான் சொன்னார். பஸ் ஊர் வந்து சேர்வதற்குள் அதில் ‘எலும்புல’ என்பது உதிர்ந்துவிட்டது. “ஒண்ணுமில்லைன்னுட்டாக” என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னான். தோட்டத்தில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றால், “படம் பிடிச்சே பாத்தாச்சு, இன்னும் என்ன நடிப்பு?” என்பான். சில நாள் அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது.

வைகாசியில் ஒரு காலை, குலை வெட்டும்போது கால் அப்படியே பூட்டிக்கொண்டது. பந்தலுக்கடியிலிருந்து தவழ்ந்துதான் வெளியே வந்தாள். மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பிலிம் உறையை எடுத்துக்கொண்டு தேனிக்கு பஸ் ஏறினாள்.

“ஐயா, இந்தப் படத்துல முட்டிக்குள்ள இருக்கறது பூராவும் தெரியுமா?”

வைகுண்டராஜ் பிலிமை வாங்கிப் பார்த்தார். “எலும்பு தெரியும். முறிஞ்சிருந்தா, தேஞ்சிருந்தா தெரியும். நடுவுல இருக்கற ஜவ்வு இதுல விழாது.”

“அப்ப ஜவ்வு கிழிஞ்சிருந்தா?”

“அப்பவும் படம் இப்படிச் சுத்தமா இருக்கும்.”

சந்தனம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “இத ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலையே! நடிக்கிறேன்னுல்ல பேச்சு வாங்கிக்கிட்டிருக்கேன்!”

“நீயும் கேக்கலையேம்மா.”

“கேக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் பிலிமை உறைக்குள் போட்டு நீட்டினார். மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். இந்தப் படத்தையும் மடக்காமல் கொண்டுபோகச் சொன்னார்.

வீட்டில் அழகுமலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அறுப்பு முடியட்டும்” என்றான்.

“அறுப்ப நீங்க முடிங்க. நான் நாளைக்கு மதுரைக்குப் போறேன்.”

வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே அவனும் வந்தான். மதுரை டாக்டர் படத்தை ஒருதரம் பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, முழங்காலைக் கையால் மடக்கித் திருகினார். அவள் அலறினாள்.

“ஜவ்வு கிழிஞ்சிருக்கு. ஆபரேசன் பண்ணணும். இத்தன நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

அழகுமலை தரையைப் பார்த்தான். சந்தனம்மாளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் அடுத்த பேரைக் கூப்பிட்டுவிட்டாள்.