தெக்லாவின் மக்னீசியம்

கனடாவின் மூஸ் ஜா ஊர்த் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், காரணம் தெரியாமல் உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியாக்காரர்கள் கூடும்போதெல்லாம் ஓரமாக ஒரு மேஜை போட்டிருக்கும். ஒத்துக்கொள்ளாத வைட்டமின், பாதியில் வெறுத்துப்போன மீன் எண்ணெய் எல்லாம் அதில் வந்து சேரும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். உடம்பெல்லாம் நொறுங்கும்போது "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று கேட்டுக்கேட்டுக் காது புளித்த கூட்டம் அது. எதையும் குப்பையில் போட மனசு வராது.

அதே கூட்டத்தில் இருந்து செத்துப்போன தெக்லாவின் மக்னீசியம் மாத்திரை டப்பாவை இர்மா எடுத்ததும் பிலிஸ் வாயைத் திறந்தாள்.

"அதுக்குள்ள வாரிசு வந்தாச்சா?"

"அவ மாரடைப்புல போனாடி. மாத்திரை என்ன பாவம் பண்ணுச்சு?"

மருந்துக்கடையில் கேட்டுக்கொண்டுதான், இர்மா டாக்டர் தந்ததோடு இதையும் சேர்த்து விழுங்கினாள். அன்று அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். வருஷக்கணக்காகத் தின்ற தோள்வலி காலையில் இல்லை. ஆனால் இடது இடுப்பும் தாடையும் விண்விண்ணென்று தெறித்தன.

கூட்டத்தில் வாய் திறந்தால் முதலில் எங்கே வலி என்பதைத்தான் சொல்வார்கள். ஒருத்தியின் வலி மற்றவளுக்கு மனப்பாடம். இடுப்பும் தாடையும் தெக்லாவுடையவை.

மாத்திரையை நிறுத்தியும் வலி போகவில்லை. இர்மா பயந்துபோனாள். டப்பாவைத் தெக்லாவின் புருஷன் ஓரெஸ்டிடமே கொடுத்தால் இதுவும் ஒழியும் என்று புறப்பட்டாள்.

கதவைத் திறந்த ஓரெஸ்ட் அப்படியே நின்றுவிட்டார். இர்மா பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தாள்.

"அவ இப்படித்தான் ஏறுவா," என்றார். "உள்ள வாங்க, இர்மா."

இர்மா ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"எங்க வலிக்குது? காட்டுங்க."

காட்டினாள்.

"ராத்திரி திரும்பிப் படுத்தா?"

"உயிரே போகுது."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "அவளும் இதையேதான் சொன்னா. எல்லாம் உன் மனசுலதான்டின்னு சொல்லிட்டு டிவி சத்தத்தக் கூட்டி வெச்சேன். மனுஷனா நான்?"

சட்டென்று டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினார்.

"என்ன பண்றீங்க?"

"எனக்கும் வலிக்கட்டும். எங்கிட்ட வரட்டும் அவ."

இருவரும் காத்திருந்தார்கள். மேஜையில் காபி ஆறிப்போனது. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஓரெஸ்ட் இடுப்பை அழுத்திப் பார்த்தார், தாடையைத் தடவினார், எழுந்து நடந்தும் பார்த்தார். பிறகு தொப்பென்று உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினார்.

"ஒண்ணுமே வலிக்கலயே, இர்மா."

இர்மாவின் தாடை தானாக இறுகியது. தெக்லாவுக்கு அவரிடம் போக இஷ்டமில்லை. அது இர்மாவுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. டப்பாவை மூடித் தன் பையிலேயே போட்டுக்கொண்டாள்.