சத்தம் போடாத அறுநூறு குதிரை

அட்டன் டவுனில் வடிவேல் முதலாளியின் இரும்புக்கடை முன்னால் அந்த மஞ்சள் கார் வந்து நின்ற அன்று பஸ் ஸ்டாண்டே காலியாகிவிட்டது. அறுநூறு குதிரைச் சக்தியாம். பெட்ரோலிலும் ஓடுமாம், சுவரில் சொருகி ஏற்றிய கரண்டிலும் ஓடுமாம். விலையைக் கேட்டு மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். மூன்றாவது ஆள் நான் என்பதால் மற்ற விவரம் சரியாக நினைவில்லை. காருக்கும் தரைக்கும் நடுவே ஒரு வெற்றிலை நுழையாது. நம் தோட்டத்து ரோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி உண்டா?

முதலாளியின் மகன் ஜனகனுக்கு, தன்னோடு வங்கியில் வேலை செய்யும் நிலக்ஷியைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுடைய அப்பா ஆண்டியப்பன், வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் லொறி ஓட்டியவர், என் சிநேகிதர். "ஆடம்பரக்காரங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்கமாட்டேன்" என்று ஒரே பிடி. அதை முதலாளியிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னவன் நான்தான். உடனே அவர் மிக அடக்கமான ஒரு முடிவுக்கு வந்தார்: அந்தக் காரிலேயே போய்ப் பெண் கேட்பது.

"அது போடுற சத்தத்துலயே மனுசன் அசந்துறணும், பாத்துக்கங்க."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பின்சீட் என்ற பெயரில் கைப்பை வைக்கிற ஓர் இடம் இருந்தது. அதில் என்னை நாலாக மடித்து வைத்தார்கள். வட்டவளை வரைக்கும் இறக்கம். பட்டரி நிறையக் கரண்ட். ஜனகன் பிரேக் பிடிக்கப் பிடிக்க அது இன்னும் நிறைந்தது. பெட்ரோல் எஞ்சின் எழும்பவே இல்லை. நடு ரோட்டில் படுத்திருந்த மாடுகூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சத்தம் வரவைடா!"

"எந்த பட்டன்னு இன்னும் படிக்கலப்பா. புத்தகம் எழுநூறு பக்கம்."

பூனை மாதிரி, ஆண்டியப்பன் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசையின் வாசலில் போய் நின்றோம். ஆண்டியப்பன் வெளியே வந்து, காது கொடுத்துக் கேட்டார்.

"என்னாங்க மொதலாளி, பெட்ரோல் தீந்துருச்சா? ஓஃப் பண்ணிட்டு எறக்கத்துல விட்டுட்டீங்களா?"

"ஓஃப் இல்லீங்க! இது வந்து..."

"வெக்கப்படாதீங்க. முப்பது வருசமும் நான் அட்டன்லேருந்து நியூட்ரல்லதான் எறங்குனேன். தம்பிதான் ஓட்டுனீங்களா? இந்த வண்டியப் பாத்ததும் ஆடம்பரம்னு நெனச்சேன். ஒரு சொட்டு வீணாக்காம வந்திருக்கீங்களே! இந்த மாதிரிப் புள்ளைக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்குறது?"

கதவோரம் நின்ற நிலக்ஷி ஜனகனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எழுநூறு பக்கமெல்லாம் தேவைப்படவில்லை.

"ஆமா மாமா. பெட்ரோல் விக்கிற வெலைக்கு, எறக்கத்துல எஞ்சின் எதுக்கு?"

அதில் பொய் ஒன்றும் இல்லை. இனி முதலாளிதான் பேசவேண்டும். அறுநூறு குதிரையைச் சொன்னால் மருமகள் போய்விடுவாள்; சொல்லாவிட்டால் கார் வாங்கியதே வீண். ஆட்டை விழுங்கும் மலைப்பாம்பை நான் பார்த்திருக்கிறேன். அது இவ்வளவு சிரமப்படவில்லை.

"ஆமாங்க," என்றார் கடைசியில். "எங்க வீட்ல எல்லாமே சிக்கனந்தான்."

தேத்தண்ணி வந்தது. வெற்றிலைத் தட்டு மாறியது. தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. கிளம்பும்போது ஆண்டியப்பன் லயத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "மொதலாளி வண்டிக்குப் பெட்ரோல் இல்லப்பா! மேல பெட்ரோல் ஷெட் வரைக்கும் தள்ளணும், ஓடியாங்க!"

நாற்பது பேர் வந்தார்கள். சரி, பதினைந்து. ஜனகன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். வந்ததிலிருந்தே என்னை வெளியே எடுக்க யாராலும் முடியாததால் நான் உள்ளேயே இருந்தேன். பின்கண்ணாடி வழியே பட்டுச்சட்டையோடு குனிந்து தள்ளும் முதலாளி நன்றாகத் தெரிந்தார்.

"கையால இல்ல, சம்பந்தி," என்றார் பக்கத்தில் தள்ளிக்கொண்டிருந்த ஆண்டியப்பன். "தோளக் குடுத்துத் தள்ளுங்க."

"குடுக்குறேன், சம்பந்தி," என்று மூச்சு வாங்கினார் முதலாளி.