கோட்டில் குத்திய பேட்ஜ்

பேராசிரியர் வெட்ஸல் மார்லிஸின் பேட்ஜை மேசைமேல் போட்டார். அணு உலைக்கூடத்துக்குப் போகிறவர்கள், உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று பார்க்கக் குத்திக்கொள்ளும் பேட்ஜ் அது. இந்த மாதம் அவளுடையது மட்டும் எக்கச்சக்கமாகக் காட்டியிருந்தது.

"காரணம் தெரியற வரைக்கும் உலைப் பக்கம் வராதே. கழகத்துல சேர்க்கிறதும் அப்புறம்தான்," என்றார்.

வெள்ளிக்கிழமை விழா. அணுப் பொறியியல் படிக்கிறவர்களில் பொறுக்கியெடுத்த நாலைந்து பேரைத்தான் அந்தக் கௌரவக் கழகம் சேர்த்துக்கொள்ளும். கண் விழித்துப் படித்ததெல்லாம் இதற்குத்தானே! பாழாய்ப்போன பேட்ஜ்! அதை உலைக்கூட வாசலிலேயே கழற்றி மாட்டிவிட்டு வர வேண்டும். இவள் சோம்பல்பட்டுக் கோட்டோடேயே விட்டுவிடுவாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

யாரோ வேண்டுமென்றே வேலை காட்டியிருக்கிறார்கள். வேறு யார், அறைத்தோழி கொரீன்தான்! போன வருஷமே கழகத்தில் சேர்ந்தவள். கொஞ்ச நாளாக அவள் போக்கே சரியில்லை. மார்லிஸ் உள்ளே வந்தால் போனில் பேச்சு நின்றுவிடும். அலமாரிப் பக்கம் போனால், "கோட்டுதானே? இரு, நானே எடுத்துத் தர்றேன்டீ," என்று குறுக்கே விழுவாள். அப்படியென்ன திடீர் அக்கறை?

கதிர் இருந்தால் சத்தம் போடும் கைகர் கருவியை மார்லிஸ் ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கி வந்தாள். அலமாரியில் தன் கோட்டுக்குப் பின்னால் நீட்டியதும் அது கடுகு வெடிப்பதுபோலப் படபடத்தது. அங்கே பழுப்புத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். அகப்பட்டாள்! மார்லிஸ் அதைத் தொடாமல் ஓடிப்போய் வெட்ஸலைக் கையோடு கூட்டிவந்தாள். கொரீனும் அப்போதுதான் பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். பக்கத்து அறைக்காரிகள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"பாருங்க சார்! என் கோட்டுக்குப் பின்னாடி எதையோ ஒளிச்சு வெச்சிருக்கா. நான் கழகத்துக்கு வந்தா இவளுக்கு வயிறு எரியுது!"

கொரீன் முகம் வெளுத்துப்போயிற்று.

வெட்ஸல் பொட்டலத்தைப் பிரித்தார். பளபளவென்று ஒரு ஆரஞ்சுத் தட்டு. யுரேனியம் கலந்து பூசிய பழையகாலத்துத் தட்டு. அணுப் பொறியியல் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கேலியாகக் கொடுக்கிற பரிசு. கூடவே ஓர் அட்டை: "கழகத்துக்குள்ள வாடீ, ராட்சசி! கொரீன்."

வெட்ஸலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேட்ஜ் இது மேலயே உரசிக்கிட்டு இருந்திருக்கு. வாசல்ல மாட்டியிருந்தா இந்தக் கூத்தே இல்ல. உன் உடம்புக்கு ஒண்ணுமில்ல. வெள்ளிக்கிழமை வந்துடு."

"பழைய சாமான் கடைக்கெல்லாம் போன் போட்டுத் தேடினேன்," என்றாள் கொரீன். "கோட்டுல பேட்ஜ் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. நீ ஒழுங்கா மாட்டிட்டுத்தான் வருவேன்னு நம்பினேன்."

"கொரீன், நான் வந்து..." மார்லிஸை வெட்கம் பிடுங்கித் தின்றது.

பெயரை முன்மொழிந்தவரே புதியவரின் உடையில் கழகச் சின்னத்தைக் குத்திவிட வேண்டும் என்பது கழகத்து வழக்கம். மார்லிஸின் பெயரைச் சொன்னவள் கொரீன். வெள்ளிக்கிழமை அவள் வந்தாள். சின்னத்தைக் குத்திவிட்டாள்.

"வாழ்த்துகள்ங்க," என்றாள்.

மார்லிஸ் அறைக்குத் திரும்பி, இருவர் துணியும் இருக்கும் அலமாரியைத் திறந்தாள். இவளுடைய கோட்டு ஒன்றுதான் தொங்கியது.