சில்வஸ்டரின் குடை

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய குடையை எடுத்து, பிலோமி கம்பி கம்பியாக விரித்துப் பார்த்தாள். ஒன்றில்கூடத் துரு இல்லை. வருஷா வருஷம் மழைக்காலம் போனதும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த அவள் புருஷன் சில்வஸ்டர், கூடத்தில் கிறிஸ்துமஸ் குடிலை ஓரமாகத் தள்ளிவிட்டு எடுத்த இடத்தில், பெட்டிக்குள் படுத்திருந்தார். தள்ளிய அவசரத்தில் குடிலின் பொம்மைகள் எல்லாம் சுவரைப் பார்த்து நின்றன.

பண்டிகைக்கு மலையேறி வந்த சொந்தபந்தம் அப்படியே இழவுக்கும் தங்கிவிட்டது. அடுக்களையில் பண்டிகைக்குச் சுட்ட கல்கல் பலகாரம் இன்னும் டின் நிறைய இருந்தது. பிள்ளைகள் பெரியவர்கள் கண்ணில் படாமல் அள்ளித் தின்றுகொண்டிருந்தார்கள்.

போத்தனூரிலிருந்து வந்திருந்த சில்வஸ்டரின் அண்ணன் ஜஸ்டஸ் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்.

"ஏம்மா பிலோமி, காலையிலயே எடுத்துரலாமா? மழை புடிச்சுக்கும்போல இருக்குது."

"வேண்டாமுங்க மாமா. மத்தியானச் சோத்துக்கு மேல எடுக்கலாமுங்க. மூடியையும் கல்லறைக்குப் போயி அடிச்சுக்கலாம். அதுவரைக்கும் அவரு மொகம் தெரியட்டும்."

நேரம் அவள் குறித்ததுதான். கல்லறைக்குப் போகும் பாதை எஸ்டேட் கேட்டைத் தாண்டித்தான் போகிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் துரையின் கார் தினமும் மத்தியானம் அந்தக் கேட்டை விட்டுக் குன்னூர் கிளப்புக்குப் புறப்படும். அரவேணு ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, வந்திருந்தவர்களிலேயே பெரிதாக அழுதுகொண்டிருந்தவன் செலஸ்டின். சில்வஸ்டருக்குக் காந்தல் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். எஸ்டேட் ஆபீசில் ஹெட் கிளார்க். அந்த நாற்காலி ஒரு காலத்தில் சில்வஸ்டருடையது.

துரை எதிரே வந்தால் ஆபீஸ் ஆளானாலும் கூலியானாலும் குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். எஸ்டேட்டின் எழுதாத சட்டம் அது. ஒரு மார்கழி மழையில், காய்ச்சலில் வலிப்பு வந்து தூக்கித் தூக்கிப்போட்ட செலஸ்டினின் கைக்குழந்தை லோயிஸைத் தோளில் போட்டுக்கொண்டு சில்வஸ்டர்தான் டாக்டரிடம் ஓடினார். துரை குதிரையில் எதிர்ப்பட்டான். குழந்தை நனைந்துவிடும் என்று அவர் குடையை மடக்கவில்லை. பனிமூட்டத்தில் ஆள் யாரென்று துரைக்குத் தெரியவில்லை. மறுநாள் ஆபீசில் கேட்டான். செலஸ்டின்தான் சில்வஸ்டரின் பெயரைச் சொன்னான். தன் சொந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவரின் பெயரை! அன்றைக்கே சில்வஸ்டருக்கு வேலை போனது.

யார் சொன்னது என்று அவர் பெண்டாட்டியிடம் மட்டும்தான் சொன்னார். "நம்ம ஊட்டுக்குப் பண்டிகைக்கு வர்ற மனுசன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது பிலோமி" என்று வாயையும் கட்டிப்போட்டார். அந்தப் பாவியோ ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடும்பத்தோடு வந்து, நடுக்கூடத்தில் உட்கார்ந்து, சில்வஸ்டர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையைக் கண்ணில் தண்ணீர் வரச் சொல்லுவான். பாதிக் கதை. அவள் வயிறெரிய அவனுக்குக் கேக் வெட்டி வைப்பாள்.

கட்டிப்போட்டவர் போய்விட்டார். இனி எந்தக் கட்டு?

பெட்டியைத் தூக்கும்போது தூறல் ஆரம்பித்தது. பிலோமி குடையைச் செலஸ்டினின் கையில் வைத்தாள்.

"நீங்கதான் புடிக்கோணுமுங்கண்ணா. அவரு மொகம் நனையக் கூடாது."

"அதுக்கென்ன தங்கச்சி, எங் கடமை..."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்குத் தொரைகிட்டப் பேரு சொன்னது யாருன்னு எனக்குத் தெரியுமுங்க. இத்தனை வருசமாத் தெரியும்."

அவன் அழுகை சட்டென்று நின்றது. அத்தனை சனத்தின் நடுவில் குடையைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. விரித்தான்.

எஸ்டேட் கேட்டுக்கு எதிரே, "தோள் மாத்திக்குங்க" என்று பிலோமிதான் சொன்னாள். மதகுச் சுவரின் மேல் பெட்டியை இறக்கினார்கள். உள்ளேயிருந்து கார் வரும் சத்தம் கேட்டது. மடக்காவிட்டால் செலஸ்டினின் வேலை போகும். மடக்கினால் மானம் போகும். எது போனாலும் அவளுக்குச் சரிதான்.

கார் கேட்டைத் தாண்டியது. செலஸ்டின் அவளைப் பார்த்தான், காரைப் பார்த்தான். அதற்குள் அவன் கை தானாகவே குடையை மடக்கிவிட்டது.

சில்வஸ்டரின் நெற்றியிலும் மூடிய இமையிலும் தூறல் விழுந்தது.

"என்னப்பா இது, மடக்கிட்டே?" என்றார் ஜஸ்டஸ்.

கார் நின்றது. பின்சீட்டில் இருந்த துரை, அதே துரை, இப்போது கிழவன், தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். குடை விரிந்திருந்ததா மடங்கியதா என்று அவன் பார்க்கவே இல்லை. பெட்டியையே பார்த்திருந்துவிட்டு டிரைவருக்குக் கையசைத்தான். கார் போய்விட்டது.

அன்றைய கைக்குழந்தை லோயிஸ் ஓடிவந்து தன் தாவணி முந்தியால் சில்வஸ்டரின் முகத்தைத் துடைத்தாள். "ஏம்ப்பா மடக்குனீங்க?" என்றாள். பிலோமிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. இத்தனை வருஷமாகக் காத்திருந்த சந்தோஷம் அது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு பெட்டியின் மேல் பிடித்து வந்தது ஜஸ்டஸின் குடை.

மண் போட்டு முடித்துச் சனம் கலைந்தபோது, செலஸ்டின் மடக்கிய குடையை இரண்டு கையாலும் நீட்டினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தங்கச்சி..."

அவள் கையை நீட்டவில்லை.

"நீங்களே வெச்சுக்குங்கண்ணா. வருசா வருசம் கிறிஸ்துமஸுக்கு வாரப்ப மறக்காமக் கொண்டாங்க. அந்த ஆணி காலியாத்தான் இருக்கும்."

அவன் தலை நிமிரவில்லை. லோயிஸ் முந்தியைத் தலையில் போட்டுக்கொண்டு அவனுக்குக் காத்திராமல் முன்னே நடந்தாள். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் பின்னால் போனான். மழை வலுத்தது. தேயிலைக்குள் பாதை திரும்பும் இடம்வரை பிலோமி பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் குடையை விரிக்கவில்லை.